ஐலசா பிறந்த கரை

அந்தக் காலத்தில் நண்டும் பேசும், நாரையும் பேசும். திமிங்கிலம் பேசினால் மூன்று ஊருக்குக் கேட்கும். மனுஷனும் பேசினான். ஆனால் அவன் பேசியதில் பாதி சண்டை.

தெற்கே வளைந்து கிடக்கும் ஒரு கடற்கரை. அதில் மூன்று ஊர்கள் பக்கம் பக்கமாக இருந்தன. வலைக்கரையில் மீன் பிடிப்பவர்கள். உப்புக்கரையில் பாத்தி கட்டி உப்பு விளைவிப்பவர்கள். சங்குக்கரையில் மூச்சை அடக்கி ஆழத்தில் இறங்கிச் சங்கு எடுப்பவர்கள். கடல் ஒன்று, காற்று ஒன்று, குடிக்கிற ஊற்றும் ஒன்றுதான். சாமி மட்டும் மூன்று.

வலைக்கரையாரின் சாமி அலைவாயி. அலை இரைச்சலில் அவளுக்குக் காது சரியாகக் கேட்காது என்று அவர்களுக்கு ஓர் எண்ணம். அதனால் பறையை அடித்து, தொண்டை கிழியக் கத்திக் கும்பிடுவார்கள். உப்புக்கரையாரின் சாமி வெயிலப்பன். வெயில் இல்லாமல் உப்பு ஏது? அவருக்கு அவசரம் பிடிக்காது. உப்பே மெதுவாகத்தானே விளைகிறது! ஆகவே நீளமான ஒரு பாட்டை இழுத்து இழுத்துப் பாடி, கடைசியில்தான் அவர் பெயரைச் சொல்வார்கள். சங்குக்கரையாரின் சாமிக்கோ பெயரே கிடையாது. தண்ணீருக்கு அடியில் வாயைத் திறந்து பெயர் சொன்னால் என்ன ஆகும்? கன்னத்தை உப்பி, கண்ணை மூடி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் அவர்களுக்குக் கும்பிடு.

அவரவர் பிழைப்புக்கு ஏற்ற சாமி, அவரவர் கும்பிடு அவரவருக்கு என்று இருந்திருக்கலாம். இருந்தார்களா? அதுதான் இல்லை. ஒரு சட்டம் வைத்திருந்தார்கள். வேற்றுச் சாமியின் பெயர் காதில் விழுந்தால், கையில் எது இருந்தாலும் அந்த நொடியே கீழே போட்டுவிட வேண்டும். போடாவிட்டால் சொந்தச் சாமி கோபித்துக்கொண்டு போய்விடும். போனால் போனதுதான், திரும்பி வராது. யார் போட்ட சட்டம் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் மூன்று ஊருக்கும் அதே சட்டம்! சாமியில் ஒத்துப்போகாதவர்கள் இந்தக் கூத்தில் மட்டும் எப்படி ஒத்துப்போனார்களோ, எனக்குப் புரியவே இல்லை.

விளைவு என்ன? வலைக்கரையான் ஒருவன் தும்மிவிட்டு ‘அலைவாயி!’ என்பான். ஊற்றங்கரையில் உப்புக்கரைப் பெண்களின் தலையில் இருக்கும் பானைகள் எல்லாம் தொப்பு தொப்பென்று விழும். சந்தையில் உப்புக்கரைக் கிழவி கொட்டாவி விட்டு ‘வெயிலப்பா!’ என்பாள். மீன்கூடைகள் மண்ணில் கவிழும், காகங்களுக்குக் கொண்டாட்டம். சங்குக்கரையார் பெயர் சொல்வதில்லையே, அவர்களால் தொல்லை இல்லையே என்று நினைக்காதீர்கள். அவர்களில் ஒருவன் கன்னத்தை உப்பி நிற்பதைப் பார்த்தாலே போதும், மற்றவர்கள் கையில் இருப்பதைப் போட்டாக வேண்டும். பல்வலியில் கன்னம் வீங்கியவனைப் பார்த்துக்கூடப் போட்டிருக்கிறார்கள். பிள்ளையை மட்டும் போட வேண்டாம் என்று விலக்கு வைத்திருந்தார்கள். அந்த மட்டுக்குப் புத்தி இருந்தது.

உள்நாட்டிலிருந்து பானை கொண்டு வந்து விற்கிற குயவன் ஒருவன் இருந்தான். அவன் மட்டும் மூன்று சாமிகளையும் சேர்த்துக் கும்பிட்டான்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் காலையில், கடலுக்கு மேலே பறக்கும் ஆலாப் பறவை ஒன்று கீச்சிட்டுக்கொண்டு வந்தது.

“ஓடி வாங்க, ஓடி வாங்க! கரையில ஒரு மலை வந்து படுத்திருக்கு! அந்த மலை அழுவுது!”

முதலில் ஓடி வந்தவள் வெள்ளாத்தி. உப்புக்கரையில் வெயிலப்பன் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான். நல்ல குரல், அதைவிட நல்ல வாய். இடுப்பில் கைக்குழந்தை. வந்து பார்த்தால், மலையுமில்லை ஒன்றுமில்லை. ஒரு பெண் திமிங்கிலம். தலை கரையிலும் வால் கடல் பக்கமுமாக மணலில் ஏறிக் கிடந்தது. தண்ணீர் வற்றிப் பின்னால் போய்விட்டது.

“என்ன ஆத்தா, இப்படி வந்து கிடக்கே?” என்று கேட்டாள் வெள்ளாத்தி.

“எல்லாம் நான் பெத்ததாலே வந்தது மக்கா,” என்றது திமிங்கிலம். “விளையாட்டுப் பிள்ளை. மீன் குஞ்சுகளைத் துரத்திக்கிட்டே கரைப்பக்கம் வந்துட்டான். மணல்ல மாட்டுறதுக்குள்ள அவனை முட்டித் திருப்பி விட்டேன். நான் மாட்டிக்கிட்டேன். தண்ணிக்குள்ள எனக்கு என் உடம்பு பாரமே இல்ல. மண்ணுல என் உடம்பே என்னை நசுக்குது. உச்சி வெயிலுக்குக் கடல் தண்ணி மேல ஏறும், ஏற்றம் வரும். அந்தத் தண்ணியில என்னை இழுத்து விட்டாத்தான் உண்டு. அதுக்கு அடுத்த ஏற்றத்துக்கு நான் இருக்க மாட்டேன்.”

அப்போது தூரத்திலிருந்து ஒரு குரல் கேட்டது. மெல்லிசான குரல். குட்டி, தாயைக் கூப்பிட்டது. அதைக் கேட்டதும் வெள்ளாத்திக்கு மார்பு சுரந்து சேலை நனைந்துவிட்டது. பிள்ளை பெற்றவர்களுக்குத் தெரியும், யாருடைய பிள்ளை அழுதாலும் பால் கேட்காமல் வந்துவிடும். அவளுக்கு அழுகை பொங்கியது.

“நீ பயப்படாதே ஆத்தா! உன்னை நாங்க கடல்ல சேத்திருவோம். என் பிள்ளை மேல ஆணை!”

ஆணை இட்ட பிறகுதான், பின்னால் வந்து சேர்ந்த தன் ஊராரைத் திரும்பிப் பார்த்தாள். உப்புக்கரையார் அத்தனை பேரும் சேர்ந்தாலும் வால் நுனி அசையாது. சொன்ன வாக்கு தப்பினால் அது தன் பிள்ளையின் தலையில் விடியுமே! வேறு வழியில்லாமல் ஆலாவைக் கூப்பிட்டு, மற்ற இரண்டு ஊருக்கும் சொல்லி அனுப்பினாள்.

வலைக்கரையார் தங்கள் தலைவர் கொண்டலானுடன் வந்தார்கள். கொண்டலானுக்கு இடி மாதிரித் தொண்டை. ரகசியம் சொன்னாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். தோளில் கனத்த கயிற்றுச் சுருள்களைச் சுமந்து வந்தார். சங்குக்கரையார் தங்கள் பெரியவர் சங்காண்டியுடன் வந்தார்கள். சங்காண்டி பேசியதைக் கேட்டவர்கள் குறைவு. அவர் ஆட்கள் மணலுக்கு அடியில் கையை விட்டுத் தோண்டி, திமிங்கிலத்தின் வாலில் கயிற்றைச் சுற்றிக் கட்டினார்கள். எல்லாரும் கடலுக்குள் இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் வரிசையாக நின்று கயிற்றைப் பிடித்தார்கள். வெள்ளாத்தி குழந்தையைக் கரையில் இருந்த கொண்டலானின் மனைவி பவளத்தியிடம் கொடுத்துவிட்டு ஓடி வந்து வரிசையில் சேர்ந்தாள். ஏற்றமும் மெல்ல வர ஆரம்பித்தது. இனி என்ன, இழுக்க வேண்டியதுதான்.

கொண்டலான் மூச்சை இழுத்து, “அலைவாயீ!” என்று ஒரு கத்துக் கத்தினார்.

உப்புக்கரையாரும் சங்குக்கரையாரும் கயிற்றைப் பொத்தென்று தண்ணீரில் போட்டார்கள். வலைக்கரையார் மட்டும் இழுத்தார்கள். கால் வழுக்கி, அத்தனை பேரும் மல்லாக்க விழுந்து உப்புத் தண்ணீர் குடித்தார்கள்.

“வேய், கத்துக்காரரே! வாயை மூடிட்டு இழுக்கத் தெரியாதா?” என்று சீறினாள் வெள்ளாத்தி.

“ஏ பாட்டுக்காரி, சாமி பேரைச் சொல்லாம பாரத்துல கை வைக்கச் சொல்லுதியா? கை விளங்குமா?”

“அப்ப எங்க சாமி பேரைச் சொல்லி இழுப்போம்.”

வெள்ளாத்தி பாட்டை எடுத்தாள். பாட்டு வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே போனது. கயிற்றைப் பிடித்தவர்களுக்குக் கை மரத்துப் போயிற்று. ஒரு வழியாக “வெயிலப்பா!” என்று முடித்தாள். இப்போது மற்ற இரண்டு ஊராரும் கயிற்றைப் போட்டார்கள். உப்புக்கரையார் விழுந்தார்கள்.

எல்லாரும் எழுந்து மறுபடி கயிற்றைப் பிடித்தார்கள். இந்தத் தடவை சங்குக்கரையார் சத்தமே இல்லாமல் கன்னத்தை உப்பி இழுக்கத் தொடங்கினார்கள். யாரோ திரும்பிப் பார்த்துவிட்டு, “ஐயையோ, உப்புறானுவ, உப்புறானுவ!” என்று அலற, மற்ற இரண்டு ஊராரும் கயிற்றைப் போட்டார்கள்.

சரி, ஒருவருமே ஒரு பெயரும் சொல்ல வேண்டாம், சும்மா இழுப்போம் என்றார்கள். முன்னால் நின்றவன் இழுத்தபோது பின்னால் நின்றவன் மூக்கைச் சொறிந்தான். பின்னால் நின்றவன் இழுத்தபோது நடுவில் நின்றவன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். திமிங்கிலம் ஒரு நூல்கூட நகரவில்லை.

“நல்லா இருக்கு மக்கா, ரொம்ப நல்லா இருக்கு,” என்றது திமிங்கிலம். “நான் செத்த பொறவு எந்தச் சாமி பேரைச் சொல்லி என்னைப் புதைக்கிறதுன்னு அதுக்கும் ஒரு சண்டை போடுங்க.”

எல்லாருக்கும் வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் வெட்கம் கயிறு இழுக்குமா? ஏற்றம் திமிங்கிலத்தின் வயிறு வரை வந்திருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் திரும்பிப் போய்விடும். குட்டியின் குரல் முன்னைவிட மெலிந்து கேட்டது. கரையில் வெள்ளாத்தியின் குழந்தையும் வீறிட்டு அழுதது. இரண்டு அழுகையும் ஒரே மாதிரி இருந்தன. எது எந்தப் பிள்ளை என்றுகூட அவளுக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அவள் தண்ணீரில் தட்டுத் தடுமாறிப் போய்த் திமிங்கிலத்தின் விலாவில் கையை வைத்தாள்.

“ஆத்தா, கோவிச்சுக்காதே. நீ எந்தச் சாமியைக் கும்பிடுதே? அதையாவது சொல்லு.”

“எனக்குப் பேரெல்லாம் தெரியாது மக்கா. ஆழத்துல இருந்து மூச்சு முட்டி மேல வருவேன் பாரு, அப்ப ஒரு மூச்சு கிடைக்கும். கொடுத்தவரை அப்ப நினைச்சுக்குவேன். அந்த மூச்சுதான் எனக்குக் கும்பிடு.”

சொல்லிவிட்டுத் திமிங்கிலம் கஷ்டப்பட்டு மூச்சை உள்ளே இழுத்தது. ‘ஏ...லே...லோ...’ என்று அது உடம்பெல்லாம் ஓடியது. ஒரு கணம் நின்றது. பிறகு தலையில் இருந்த துளை வழியே ‘ஐ...லசா!’ என்று பீறிட்டு வெளியே வந்தது. வெள்ளாத்தியின் முகமெல்லாம் நீர்த்துளி.

அதைப் பார்த்துக்கொண்டிருந்த சங்காண்டி, ஆயுளில் முதல் தடவையாக ஊருக்கு நடுவில் வாயைத் திறந்தார். மூச்சு என்றால் அவருக்குத் தெரியாதா? வாழ்நாள் முழுக்க அவர் எண்ணிப் பார்த்துச் செலவழித்த சொத்தே அதுதானே.

“மூச்சை உள்ள இழுக்கையில அவ உடம்பு விறைக்குது. வெளிய விடுகையில தளருது. தளரும்போது இழுத்தா வருவா. அந்தச் சத்தத்தையே சொல்லி இழுப்போம். அது யார் சாமி பேரும் இல்ல. யாரும் கயித்தைப் போட வேண்டாம்.”

“யோவ், இவருக்குப் பேச வருதுய்யா!” என்றார் கொண்டலான். ஆனால் கயிற்றை எடுத்துவிட்டார்.

திமிங்கிலம் மூச்சை இழுத்தது. வெள்ளாத்தி அதோடு சேர்ந்து, “ஏ...லே...லோ...” என்று இழுத்தாள். திமிங்கிலம் மூச்சை விட்டது. கொண்டலான், “ஐலசா!” என்று இடித்தார். எல்லாரும் இழுத்தார்கள். மணலுக்கு அடியில் என்னமோ கரகரவென்றது.

“அசையுது!” என்று கரையில் இருந்து கத்தினாள் பவளத்தி.

“ஏலேலோ... ஐலசா!”

ஒரு சாண் நகர்ந்தது. வெள்ளாத்திக்கு இழுத்துப் பாடக் கிடைத்தது. கொண்டலானுக்குக் கத்தக் கிடைத்தது. சங்காண்டிக்கு மூச்சு கிடைத்தது. ஆளுக்கு ஆள் அது தன் ஊர்ச் சங்கதி மாதிரியே இருந்தது. இன்னொரு சாண். இன்னொரு முழம். யாருக்கு முன்னால் யார் நிற்கிறார் என்பதெல்லாம் கலைந்துபோயிற்று. உப்புக்கரையான் முதுகில் சங்குக்கரையான் மோதினான், “தள்ளி நில்லு” என்று ஒருவரும் சொல்லவில்லை. ஆலா மேலே வட்டமிட்டுக்கொண்டு தானும் ஐலசா போட்டது. நண்டுகள்கூட வளையில் இருந்து வெளியே வந்து கையைத் தூக்கின.

கடைசியாக ஒரு மணல் திட்டு. அதைத் தாண்டிவிட்டால் ஆழம். அந்த நேரம் பார்த்து ஒரு பேரலை எழுந்து வந்தது. அது திமிங்கிலத்தைத் தூக்கும். கயிறு விறைப்பாக இருந்தால் அலை திரும்பும்போது அவளை ஆழத்துக்குக் கொண்டு போகும். கயிறு தளர்ந்ததோ, மறுபடி கரையில் அறைந்துவிடும். அவ்வளவுதான், அப்புறம் அவளை யாராலும் எடுக்க முடியாது.

அலை தூக்கியது. கயிறு கையை அறுத்தது. வெள்ளாத்திக்கு ஏலேலோவும் மறந்தது, ஐலசாவும் மறந்தது. அடிவயிற்றில் இருந்து அவளை அறியாமலே கிளம்பி வந்தது:

“வெயிலப்பா!”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பாவி, கெடுத்தேனே! கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கயிறு பொத்தென்று விழப்போகிற சத்தத்துக்குக் காத்திருந்தாள்.

சத்தம் வரவில்லை.

கண்ணைத் திறந்து பார்த்தாள். கயிறு விறைப்பாக இருந்தது. கொண்டலானின் உள்ளங்கையில் ரத்தம் கசிந்தது. முகம் சிவந்து, கண்ணில் நீர் வழிய, அவர் கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவர் ஊரார் அத்தனை பேரும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சங்காண்டி பிடித்துக்கொண்டிருந்தார். ஒருவர்கூட விடவில்லை.

“விடாதீங்கலே! ஒருத்தனும் விடாதீங்க!” என்று அலறிய கொண்டலான், அதே வேகத்தில் “அலைவாயீ!” என்றார். உப்புக்கரையார் விடவில்லை. வெள்ளாத்தி விடவில்லை. சங்காண்டி எல்லாருக்கும் முன்னால் நின்று கன்னத்தை உப்பினார். ஊர் முழுக்கப் பார்த்தது. யாரும் விடவில்லை.

“ஐலசா!”

அலை திரும்பியது. திமிங்கிலம் திட்டைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போய் ஆழத்தில் இறங்கியது. சங்குக்கரையார் முங்கிப் போய் வாலில் இருந்த கட்டை அவிழ்த்துவிட்டார்கள். குட்டி பாய்ந்து வந்து தாயின் வயிற்றில் முட்டியது. எத்தனை நேரப் பசியோ!

மூன்று ஊராரும் இடுப்பளவுத் தண்ணீரில் அப்படியே நின்றார்கள். இப்போதுதான் பயம் வந்தது. சொந்தச் சாமி கோபித்துக்கொண்டு போயிருக்குமே! ஆளாளுக்கு நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்கள். அலை வழக்கம்போல் வந்து போய்க்கொண்டிருந்தது. வெயில் எல்லார் தலையிலும் அடித்தது.

கொண்டலான்தான் முதலில் பேசினார். வாழ்க்கையில் முதல் முறையாக மெதுவாகப் பேசினார்.

“என் அலைவாயி போகல. இங்கனதான் இருக்கா.”

“எங்க சாமியும் இருக்கு,” என்றார் சங்காண்டி.

“அண்ணாச்சி,” என்றாள் வெள்ளாத்தி. கொண்டலானை அவள் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. “நான் வெயிலப்பான்னு கத்தினேனே, உங்களுக்குக் கேக்கலியா? ஏன் கயித்தை விடல?”

“நல்லாத்தான் கேட்டுது தங்கச்சி. போட்டிரணும்னு கையும் விரியப் பாத்துது. அப்ப உள்ளுக்குள்ள ‘விடாதே’ன்னு ஒரு குரல் சொல்லிச்சு. எங்க அலைவாயி குரல்தான். அவ சொன்னா நான் விடுவேனா?”

சங்காண்டி அவரை வெறித்துப் பார்த்தார். “எனக்கும் அதே நேரத்துலதான் கேட்டுது. ‘விடாதே.’ எங்க சாமி இதுவரைக்கும் எங்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல.”

“நீங்க அலைவாயின்னு கத்தினப்ப எனக்கும் அதே வார்த்தைதான் கேட்டுது,” என்றாள் வெள்ளாத்தி. “மூணு சாமியும் சேந்து ஒரே வார்த்தையா சொல்லும்?”

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். முதலில் சங்காண்டி சிரித்தார். சிரித்துப் பழக்கம் இல்லாததால் அது விக்கல் மாதிரி வந்தது. அதைப் பார்த்துக் கொண்டலான் வெடித்துச் சிரித்தார். பிறகு கடலே சிரிக்கிற மாதிரி அத்தனை பேரும் சிரித்தார்கள். மூன்று சாமி என்று நினைத்த இந்த ஒரே சாமியை வைத்துக்கொண்டா இத்தனை காலம் நாம் பானையை உடைத்தோம் என்று நினைக்க நினைக்கச் சிரிப்பு அடங்கவில்லை. தூரத்தில் திமிங்கிலம் மேலே வந்து ஒரு பெரிய மூச்சு விட்டது. காற்று அந்த நீரைக் கொண்டு வந்து மூன்று ஊரார் மேலும் தூவியது.

வெள்ளாத்தி கரைக்கு ஓடினாள். பவளத்தி குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். “உன் பிள்ளைக்கு என் கழுத்து மணிதான் ஆகாரம் போல, சப்பித் தீத்துட்டான்,” என்றாள். வெள்ளாத்தி குழந்தையை வாங்கி முத்தமிட்டுப் பால் கொடுத்தாள். கண்ணில் நீர் நிற்கவே இல்லை. அன்று மாலை வலைக்கரை மீனில் உப்புக்கரை உப்புப் போட்டுக் கரையிலேயே குழம்பு கொதித்தது. சங்குக்கரையார் சங்கை ஊதிச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். அப்படி ஒரு ருசியை அந்த மூன்று ஊரும் அதற்கு முன் கண்டதில்லை.

மறுநாளும் வலைக்கரையார் பறை அடித்துக் கத்தித்தான் கும்பிட்டார்கள். உப்புக்கரையார் இழுத்துத்தான் பாடினார்கள். சங்குக்கரையார் கன்னத்தை உப்பித்தான் நின்றார்கள். பழக்கம் போகுமா? போகவும் வேண்டாம், அவரவர் கும்பிடு அழகாகத்தான் இருந்தது. பானைகள் மட்டும் உடையவில்லை. பானைக் குயவன்தான் பாவம், வண்டி நிறையச் சரக்கோடு வந்து திகைத்து நின்றான். அவன் வண்டி மணலில் புதைந்துவிட்டது. மூன்று ஊரும் சேர்ந்து ஐலசா போட்டுத் தூக்கி விட்டார்கள். அவனும் சேர்ந்து தள்ளினான், வேறு என்ன செய்வான்?

அன்று பிடித்த பிடிதான். படகைக் கரையேற்றினாலும், கரைவலை இழுத்தாலும், சேற்றில் மாட்டிய லாரியைத் தள்ளினாலும், நம் ஆட்கள் வாயில் தானாக வருவது அந்தத் தாய்த் திமிங்கிலத்தின் மூச்சு: ஏலேலோ ஐலசா! அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர் என்று கேட்க இன்றுவரை ஒருவருக்கும் தோன்றியதில்லை. கயிறு கையில் இருக்கிறதே!